மேடையில் ப்ராசசர் மக்கர் செய்தால்: கிட்டார் வாசிப்பவர்களுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

சென்னையில் மேடை ஏறும் கிட்டார்காரர்கள் பலர் இப்போது ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. கல்யாண ரிசப்ஷனோ, சர்ச் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியோ, ஆடி மாத அம்மன் கோயில் கச்சேரியோ, காலேஜ் கல்ச்சுரல்ஸோ, முதுகில் கிட்டார், கையில் ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் ப்ராசசர் (ஆம்ப் ஒலியையும் பல எஃபெக்ட்டுகளையும் ஒன்றாகத் தரும் பெட்டி), அங்கிருந்து நேராக மிக்சர். பெரிய வசதிதான். ஆனால் ஏதாவது கோளாறு வந்தால் எல்லாப் பழியும் அந்த ஒரு பெட்டியின் மேல் விழுகிறது. உடனே குனிந்து மெனுவைத் திருக ஆரம்பித்துவிடுகிறோம். சவுண்ட் செக்குக்குக் கிடைக்கும் கொஞ்ச நேரமும் அதிலேயே கரைந்துவிடும்.

நான் பார்த்தவரை மேடைக் கோளாறுகளில் பெரும்பகுதி ப்ராசசருக்கு வெளியேதான் இருக்கிறது. கேபிள், அடாப்டர், பிளக் பாயின்ட், மிக்சர் சேனல், இவற்றில் ஏதோ ஒன்று. அதனால் அறிகுறி எதுவானாலும் மெனுவைத் தொடுவதற்கு முன் கீழே உள்ள சோதனையைச் செய்யுங்கள். ஒரு நிமிஷம்கூட ஆகாது.

முதலில் பாதையை இரண்டாக வெட்டுங்கள்

கிட்டார், அதன் கேபிள், ப்ராசசர் ஆகியவை ஒரு பாதி. ப்ராசசரின் அவுட்புட்டில் தொடங்கி டி.ஐ. பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி), ஸ்டேஜ் பாக்ஸ், மிக்சர், ஸ்பீக்கர் வரை மறு பாதி. கோளாறு எந்தப் பாதியில் என்று தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் சட்டென்று சுருங்கிவிடும்.

ப்ராசசரில் ஒரு ஹெட்ஃபோனைச் செருகிக் கேளுங்கள். அதில் சத்தம் சுத்தமாக வந்தால் முதல் பாதியில் குறையில்லை. சவுண்ட் அண்ணனோடு பேச வேண்டிய நேரம். ஹெட்ஃபோனிலேயே அதே கோளாறு கேட்டால் மிக்சரை விட்டுவிட்டு உங்கள் பக்கம் பாருங்கள். ஜூம் ஜி1எக்ஸ் ஃபோர் போன்ற சில மாடல்களில் ஹெட்ஃபோனுக்கும் அவுட்புட்டுக்கும் ஒரே ஜாக்தான். அவற்றில் மிக்சர் கேபிளைக் கழற்றித்தான் கேட்க முடியும். கழற்றுவதற்கு முன் அந்தச் சேனலை மியூட் செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 'டப்' என்று ஹாலே அதிரும்.

இன்னொரு வழி எனக்கு இதைவிடப் பிடிக்கும். பல ப்ராசசர்களில் ரிதம் மெஷின் இருக்கிறது. அந்த டிரம்ஸ் சத்தம் பெட்டிக்குள்ளேயே பிறப்பது. அதற்குக் கிட்டாரும் வேண்டாம், கிட்டார் கேபிளும் வேண்டாம். அதை ஓடவிடுங்கள். ஸ்பீக்கரில் டிரம்ஸ் கேட்டும் கிட்டார் கேட்கவில்லை என்றால் குறை கிட்டாரிலோ, முதல் கேபிளிலோ, இன்புட் ஜாக்கிலோ, பேட்சிலோ (ப்ராசசரில் சேமித்து வைத்த சத்த அமைப்பு) இருக்கிறது. டிரம்ஸும் கேட்கவில்லை என்றால் ப்ராசசரின் அவுட்புட்டிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

சத்தமே வரவில்லை

டிஸ்பிளே எரிகிறது, பேட்ச் பெயர் தெரிகிறது, சத்தம் மட்டும் இல்லை. முதலில் ட்யூனர் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். பல மாடல்களில் ட்யூனர் வந்தால் அவுட்புட் மியூட் ஆகிவிடும். இரண்டு சுவிட்சுகளைச் சேர்த்து மிதித்தால் அது வந்துவிடும், அவசரத்தில் கால் பட்டாலும் வந்துவிடும். அடுத்தது காலால் முன்னும் பின்னும் சாய்க்கும் எக்ஸ்பிரஷன் பெடல். அந்தப் பேட்சில் அது வால்யூமுக்கு ஒதுக்கப்பட்டிருந்து, குதிகால் பக்கம் முழுக்க அமுங்கியிருந்தால் வால்யூம் பூஜ்யம்தான். பிறகு கிட்டாரின் வால்யூம் குமிழ், ப்ராசசரின் மாஸ்டர் குமிழ், கடைசியாகக் கேபிள். ஸ்டீரியோ அவுட்புட் உள்ள மாடலில் ஒரே கேபிள் போடுவதானால் 'லெஃப்ட் / மோனோ' என்று எழுதியிருக்கும் ஜாக்கில்தான் போட வேண்டும். ரைட் ஜாக்கில் மட்டும் போட்டால் சில எஃபெக்ட்டுகள் அரைகுறையாகக் கேட்கும்.

ஹம், இரைச்சல், 'கீ' என்ற ஊளை

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். அதிகம் வரும் தொல்லையும் இதுதான், அதிகம் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். ஒரே மாதிரி கேட்டாலும் இது நான்கைந்து வேறு வேறு கோளாறுகள். காதைத் தீட்டிக்கொண்டு பிரித்துப் பார்க்க வேண்டும்.

கிட்டார் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஹம் நின்றுவிட்டால் அது கிட்டாரின் பிக்கப் பிடித்துக்கொண்டு வருவது. நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஒரு திசையில் கூடி, இன்னொரு திசையில் குறைந்தால் சந்தேகமே வேண்டாம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரின் சிங்கிள் காயில் பிக்கப், பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், லைட் டிம்மர், எல்.இ.டி. சுவர் எல்லாவற்றின் காந்தப்புலத்தையும் இழுத்துக்கொள்ளும். அம்மன் கோயில் மேடையைச் சுற்றிச் சீரியல் லைட் போட்டிருந்தால் இது கட்டாயம் உண்டு. இதற்கு ப்ராசசரில் மருந்து கொஞ்சம்தான். நிற்கும் திசையை மாற்றுங்கள், டிம்மர் ரேக்கிலிருந்து தள்ளி நில்லுங்கள், பிக்கப் செலக்டரை இரண்டாவது அல்லது நான்காவது நிலைக்குத் தள்ளுங்கள். பெரும்பாலான ஸ்ட்ராட் வகைக் கிட்டார்களில் நடு பிக்கப் எதிர்ச்சுற்றாக இருப்பதால் அந்த நிலைகளில் ஹம் கணிசமாக விழுந்துவிடும். கெயினையும் ஒரு படி இறக்குங்கள்; ஹம்மைப் பெருக்குவது அதுதான்.

கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைந்து, கையை எடுத்தால் கூடுகிறதா? உங்கள் உடம்பு பிடிக்கும் இரைச்சலைக் கம்பி வழியாக கிரவுண்ட் இழுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் இருந்தால் இயல்பு. அதிகமாக இருந்தால் அந்த மேடையில் எர்த் சரியில்லாமல் இருக்கலாம். தொட்டால் கூடினால் கிட்டார் ஜாக்கில் வயர் மாறியிருக்கலாம், அல்லது பிரிட்ஜுக்குப் போகும் கிரவுண்ட் வயர் அறுந்திருக்கலாம். அது வீட்டில் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்து பார்க்க வேண்டிய வேலை.

கிட்டார் வால்யூம் பூஜ்யத்தில் இருந்தும் ஹம் வருகிறது, ஆனால் ஹெட்ஃபோனில் கேட்டால் இல்லை, மிக்சர் கேபிளைச் செருகினால்தான் வருகிறது: இது கிரவுண்ட் லூப். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 50, 100 ஹெர்ட்ஸில் கனமான 'ம்ம்' என்று கேட்கும். ப்ராசசரிலிருந்து ஒரு கேபிள் மேடை ஆம்புக்கும் இன்னொன்று மிக்சருக்கும் போகும்போது இது அதிகம் வரும். இரண்டும் வேறு வேறு பிளக் பாயின்ட்டில் எர்த் ஆகியிருக்கும். அந்த இரு எர்த்துகளுக்கும் நடுவே உள்ள சிறிய மின்னழுத்த வேறுபாடு உங்கள் கேபிளின் ஷீல்டு வழியாக ஓடும். இதற்குச் சரியான தீர்வு டி.ஐ. பாக்ஸில் இருக்கும் 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்ச். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் பாசிவ் டி.ஐ. என்றால் இன்னும் நல்லது. சவுண்ட் சர்வீஸிடம் இருக்கும் என்று நம்பிப் போகாமல் பையில் ஒன்று சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். ப்ராசசருக்கு அடுத்தபடியாக நான் பணம் போடச் சொல்வது இதில்தான். முடிந்தால் மேடை மின்சாரத்தையும் மிக்சர் மின்சாரத்தையும் ஒரே இடத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள். ஹம் போவதற்காக மூன்று பின் பிளக்கின் மேலே இருக்கும் பெரிய எர்த் பின்னை உடைப்பது, எர்த் வயரைக் கழற்றிவிடுவது, இரண்டு பின் கன்வெர்ட்டர் போடுவது, இவை எதுவும் வேண்டாம். ஹம் போகலாம், கூடவே உயிரும் போகலாம். கோளாறான ஆம்பில் கசியும் மின்சாரத்துக்கு எர்த் வழி அடைபட்டால், அது உங்கள் கிட்டார் கம்பியில் காத்திருக்கும். நீங்கள் பாட மைக்கில் உதடு வைத்ததும் உடம்பு வழியாகப் பாயும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த மேடையில் வெறுங்காலோடு நின்றால் ஆபத்து பல மடங்கு. பாடிக்கொண்டே வாசிப்பவர்கள் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, சாதாரண நியான் டெஸ்டரின் நுனியை மைக் வலையில் வைத்துப் பாருங்கள். எரிந்தால் அந்த இணைப்பைத் தொடாதீர்கள். இரண்டு பின் அடாப்டரின் சிறு கசிவுக்கும் டெஸ்டர் லேசாக எரியும் என்பது உண்மை. ஆனால் அது சிறு கசிவா பெரிய கோளாறா என்பதை எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துச் சொல்லட்டும், அதன்பிறகு வாசிக்கலாம். எரியவில்லை என்றாலும் அதுவே முழுப் பாதுகாப்பு ஆகிவிடாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் சப்ளையைத் துண்டிக்கும் பிரேக்கர்) இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்பதில் தவறே இல்லை.

கடைசி வகை 'கீ' என்ற மெல்லிய ஊளை அல்லது டிஜிட்டல் சலசலப்பு. பேக்கிங் டிராக்குக்காக லேப்டாப்பை யு.எஸ்.பி.யில் மாட்டியிருந்தால் முதல் குற்றவாளி அதன் சார்ஜர். சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், பெரும்பாலும் அந்த நொடியே நிற்கும். அப்படியானால் லேப்டாப்பை முழுச் சார்ஜோடு கொண்டுவந்து பேட்டரியில் ஓட்டுங்கள். லேப்டாப்பே இல்லை என்றால் அடாப்டரைப் பாருங்கள். ஒரே அடாப்டரிலிருந்து கிளை வயர் போட்டு ப்ராசசருக்கும் தனி ஓவர்டிரைவ் பெடலுக்கும் மின்சாரம் கொடுத்திருந்தால் டிஜிட்டல் பெட்டியின் சலசலப்பு அனலாக் பெடலுக்குள் இறங்கும். ப்ராசசருக்குத் தனி அடாப்டர் கொடுங்கள், சரியாகிவிடும்.

வண்டு ரீங்காரம் போலக் கரகரவென்று கேட்கிறது

டிஸ்டார்ஷன் பேட்ச் மிக்சர் வழியாகக் கேட்கும்போது மெலிந்து, காதைக் குத்தினால், ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் கேபினட் சிமுலேஷன் ஆஃப் ஆகியிருக்கிறது. கிட்டார் ஆம்பின் 12 இன்ச் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள கூர்மையை இயல்பாகவே வெட்டிவிடும். ஹாலில் இருக்கும் பி.ஏ. ஸ்பீக்கரில் ட்வீட்டர் உண்டு, அது எதையும் வெட்டாது. அந்த வெட்டும் வேலையை ப்ராசசருக்குள் கேப் சிமுலேஷன் செய்ய வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. காலேஜ் மேடையிலோ ரிஹர்சல் ஸ்டூடியோவிலோ நிஜமான கிட்டார் ஆம்பில் செருகினால் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் அமுங்கிக் கேட்கும். கேபினட் இரண்டு முறை வந்துவிட்டது, ஆம்பும் இரண்டு முறை வந்துவிட்டது. கேப் சிமுலேஷனை அணைத்து, ஆம்பின் பின்னால் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் என்ற ஜாக் இருந்தால் அதில் செருகுங்கள். அப்போது ஆம்பின் முன்பகுதி டோன் குமிழ்கள் எதுவும் குறுக்கே வராது. ரிட்டர்ன் இல்லாவிட்டால் ப்ராசசரில் ஆம்ப் மாடலையும் அணைத்துவிட்டு முன் இன்புட்டிலேயே போடலாம்.

பாஸ் (BOSS) கம்பெனி ப்ராசசர்களில் அவுட்புட் செலக்ட் என்ற ஒரே அமைப்பில் நேர் லைனா, ஆம்பா என்று சொல்லிவிடலாம். ஒவ்வொரு பேட்சாகத் திறக்க வேண்டியதில்லை. அந்த வசதி இல்லாத மாடல் என்றால் உங்கள் முக்கியமான பேட்சுகளை இரண்டு பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று மண்டபத்துக்கு, ஒன்று ஆம்புக்கு.

வீட்டில் அருமை, ஹாலில் குழைந்துபோகிறது

ராத்திரி பத்து மணிக்கு அடுக்குமாடி வீட்டில், பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் மெல்லிய சத்தத்தில் அமைத்த பேட்ச் மேடையில் அப்படியே வராது. காரணம் நம் காது. சத்தம் குறைவாக இருக்கும்போது அடி ஸ்வரங்களும் உச்ச ஸ்வரங்களும் நம் காதுக்குக் குறைவாகத் தெரியும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-இலேயே இதை அளந்து காட்டினார்கள். அந்தக் குறையை ஈடுகட்ட வீட்டில் பாஸையும் ட்ரெபிளையும் ஏற்றி வைத்திருப்போம். மேடையில் சத்தம் ஏறியதும் அந்த இரண்டும் பூதாகாரமாக வெளியே வரும். கிட்டாரின் உயிரான நடுப்பகுதி கீபோர்டுக்கும் பேஸ் கிட்டாருக்கும் நடுவில் காணாமல் போகும்.

திருத்த வேண்டிய இடம், எல்லாப் பேட்சுகளுக்கும் பொதுவான டோன் அமைப்பான குளோபல் ஈ.க்யூ. பேட்சுகளைத் தொடாதீர்கள், அவை வேறொரு ஹாலுக்கு வேண்டும். லோ கட் 80 முதல் 100 ஹெர்ட்ஸில் வையுங்கள். கிட்டாரின் கடைசி ஈ கம்பியே 82 ஹெர்ட்ஸ்தான், அதற்குக் கீழே வருவதெல்லாம் கால் தட்டும் சத்தமும் மேடை உதறலும். ஹை கட் 6, 7 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம். 800 ஹெர்ட்ஸுக்கும் 2 கிலோ ஹெர்ட்ஸுக்கும் நடுவே கொஞ்சம் ஏற்றுங்கள். தனியாகக் கேட்க அது மூக்கால் பேசுவதுபோல் இருக்கும்; பேண்ட் சேர்ந்ததும் சரியாக உட்காரும். தனியாகக் கேட்டு முடிவு எடுக்காதீர்கள்.

ரிவர்ப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் கல்யாண மண்டபங்கள் பல கிரானைட் தரை, டைல்ஸ் சுவர், உயரக் கூரை. அந்த ஹாலே ஒரு ரிவர்ப். அதன் மேல் நீங்களும் ஒன்றைப் போட்டால் வேகமான வாசிப்பு எல்லாம் கஞ்சியாகிவிடும். ஹாலில் ஒரு தடவை கைதட்டிக் கேளுங்கள். வால் நீளமாக வந்தால் ரிவர்பைப் பாதியாக்குங்கள், டிலே மிக்ஸையும் இறக்குங்கள். மெரினா பக்கமோ தீவுத்திடலிலோ திறந்தவெளி மேடை என்றால் நேர் எதிர். அங்கே சுவரே இல்லை, ரிவர்ப் கொஞ்சம் கூடுதலாக இருந்தால்தான் சத்தத்துக்கு உடம்பு வரும்.

சோலோ வந்தால் காணவில்லை, கிளீன் வந்தால் காதைக் கிழிக்கிறது

பேட்சுகளின் அளவு ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. டிஸ்டார்ஷன் சத்தத்தை அமுக்கி ஒரே மட்டமாக்கிவிடும். கிளீன் பேட்சில் ஒவ்வொரு அடியும் துள்ளி எழும். வீட்டில் ஹெட்ஃபோனில் இரண்டும் சமமாகத் தோன்றும். ஒரு தடவை கிளீன் பேட்ச் பீறிட்டால் போதும், சவுண்ட் அண்ணன் உங்கள் ஃபேடரைக் கீழே இறக்கிவிடுவார், அப்புறம் நிகழ்ச்சி முடியும்வரை அது மேலே ஏறாது. அவர் மேல் குற்றமில்லை, ஹாலைக் காப்பாற்றுவதுதான் அவர் வேலை.

ரிஹர்சலில் பேண்ட் முழுக்க வாசிக்கும்போது கிளீன் பேட்சை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றதை அதோடு பொருத்துங்கள். சோலோவுக்கு 3 டெசிபல் கூடுதல் போதும். அந்தக் கூடுதலை எங்கே தருகிறீர்கள் என்பதுதான் முக்கியம். ஆம்ப் மாடலுக்கு முன்னால் பூஸ்ட் போட்டால், ஏற்கெனவே நிரம்பிய டிஸ்டார்ஷன் இன்னும் நிரம்புமே தவிரச் சத்தம் ஏறாது. சங்கிலியின் கடைசியில், ஈ.க்யூ. பிளாக்கிலோ பேட்ச் லெவலிலோ ஏற்றுங்கள். 1 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் தள்ளிக்கொடுங்கள்.

டிஸ்டார்ஷனே போடாமல் உடைந்து கேட்டால் எங்கோ சிக்னல் அளவு மீறி கிளிப் ஆகிறது. மிக்சரில் பீக் விளக்கு எரிந்தால் அங்கே கெயினை இறக்கச் சொல்லுங்கள், அல்லது டி.ஐ.யில் சிக்னலைக் குறைக்கும் 20 டெசிபல் பேட் சுவிட்சைப் போடுங்கள். அங்கே எரியாமல் உடைந்தால் பேட்சுக்குள் ஏதோ ஒரு பிளாக் நிரம்பி வழிகிறது. பெரும்பாலும் கம்ப்ரெஸரின் அவுட்புட்.

ட்யூனர் சரி என்கிறது, பேண்டோடு சேரவில்லை

ட்யூனரின் அடிப்படை 440 ஹெர்ட்ஸில் இருக்கிறதா பாருங்கள். சில மாடல்களில் ட்யூனர் திரையில் குமிழைத் திருகினாலே அது 438, 442 என்று நகர்ந்துவிடும். அது சரியென்றால் கீபோர்டுக்காரரிடம் கேளுங்கள். பாடகருக்காக ட்ரான்ஸ்போஸ் போட்டிருப்பார், அது அரை ஸ்வரக் கணக்கில் இருக்கும், கேட்டதும் தெரிந்துவிடும். நாதஸ்வரமோ பழைய ஹார்மோனியமோ கூட இருந்தால் வேறு கதை. அவற்றின் சுருதி 440-க்குக் கட்டுப்பட்டதாக இருக்காது, வாசிப்பவர் நினைத்தாலும் அங்கேயே மாற்ற முடியாது. அவர் ஆதார ஷட்ஜத்தை நீட்டிப் பிடிக்கச் சொல்லி, உங்கள் ட்யூனரின் அடிப்படையை அதற்கு நகர்த்தி, கம்பிகளை அதற்குத் திருத்துங்கள். கீபோர்டும் ஃபைன் ட்யூனில் அதே எண்ணுக்கு வர வேண்டும்.

வெளியே வெயிலில் ட்யூன் செய்துவிட்டு ஏ.சி. ஹாலுக்குள் போனால் கம்பி குளிர்ந்து சுருங்கி சுருதி ஏறும். மேடை விளக்கின் சூட்டில் இறங்கும். மேடையில் கொஞ்ச நேரம் கிட்டாரை வைத்துவிட்டு அதன்பிறகு ட்யூன் செய்யுங்கள்.

கமகம் பாதியில் அறுந்துபோகிறது

கர்நாடக சங்கீதம் வாசிப்பவர்களும், சினிமாப் பாட்டில் நீண்ட இழைப்பு வாசிப்பவர்களும் அதிகம் சொல்லும் குறை இது. ஒரு ஸ்வரத்தைத் தட்டி, இழுத்து, கீழே இறக்கும்போது கடைசி அசைவு வருமுன் சத்தம் சடாரென்று நின்றுவிடும். செய்வது நாய்ஸ் கேட். வீட்டில் இரைச்சலை மறைக்க அதன் த்ரெஷோல்டை ஏற்றி வைத்திருப்போம். தேய்ந்துவரும் ஸ்வரமும் அந்தக் கோட்டுக்குக் கீழே வந்ததும் கதவு மூடிவிடும். ஹை கெயின் பேட்சைத் தவிர மற்றவற்றில் கேட்டை அணைத்தே விடுங்கள். ஸ்வரம் நிற்க வேண்டுமானால் கம்ப்ரெஸரை 3:1 அளவில் மென்மையாகப் போடுங்கள், கடைசிக் கம்பனம்வரை தெளிவாக வரும். மின்சார மாண்டலினில் உ. ஸ்ரீநிவாஸும், எலக்ட்ரிக் கிட்டாரில் பிரசன்னாவும் கர்நாடக சங்கீதத்தை எவ்வளவு நுணுக்கமாகக் கொண்டுவர முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். அந்த நுணுக்கம் முழுக்க ஸ்வரத்தின் வாலில் இருக்கிறது. அதை ஒரு த்ரெஷோல்டு விழுங்க விடக்கூடாது.

ஹார்மோனைஸரும் இங்கே வேண்டாம். இழுப்பில் ஸ்வரம் இரண்டு நிலைகளுக்கு நடுவில் இருக்கும்போது அது எந்தத் துணைஸ்வரத்தைப் போடுவது என்று தடுமாறும்.

பேட்ச் மாற்றும்போது இடைவெளி, டிலே தாளத்தோடு சேரவில்லை

பேட்ச் மாற்றினால் உள்ளே சங்கிலி முழுவதையும் ப்ராசசர் புதிதாக ஏற்ற வேண்டும். அந்த நேரத்தில் சத்தம் ஒரு கணம் அறுவது பல மாடல்களில் இயல்பு, பழுது என்று நினைக்க வேண்டாம். ஒரே பாட்டுக்குள் பேட்ச் மாற்றுவதைத் தவிர்த்து, ஒரே பேட்சில் டிரைவ், டிலே, பூஸ்ட் மூன்றையும் வைத்து ஸ்டாம்ப் முறையில் ஆன் ஆஃப் செய்யுங்கள். லைன் 6 ஹீலிக்ஸ், ஹெச்.எக்ஸ். வகையில் ஸ்னாப்ஷாட் என்ற வசதி இதற்காகவே இருக்கிறது.

டிலேயின் நேரத்தைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். 60,000-ஐ டெம்போவால் வகுத்தால் ஒரு அடிக்கு எத்தனை மில்லி செகண்ட் என்று வரும். டெம்போ 120 என்றால் 500. புள்ளி வைத்த எட்டாம் ஸ்வரம் (டாட்டட் எய்த் நோட்) வேண்டுமானால் அதில் முக்கால், 375. இது ஒரு அடியை நான்காகப் பிரிக்கும் சதுஸ்ர நடைக்கு. நம் குத்துப் பாட்டுகள் பலவும் திஸ்ர நடையில் ஓடுபவை; அங்கே முக்கால் கணக்கு தாளத்தோடு மோதும். ஒரு அடியை மூன்றாகப் பிரியுங்கள். டெம்போ 100 என்றால் அடிக்கு 600, டிலே 200 அல்லது 400. கிளிக் டிராக் இல்லாத பேண்டில் டிரம்மரைப் பார்த்து டேப் டெம்போவை மிதியுங்கள்.

கை வாசித்ததும் சத்தம் தாமதமாக வருகிறது

ப்ராசசர் எடுத்துக்கொள்ளும் தாமதம் வழக்கமாகச் சில மில்லி செகண்டுகள்தான். ஆனால் டிஜிட்டல் வயர்லெஸ் ஒரு பங்கு, டிஜிட்டல் மிக்சர் ஒரு பங்கு என்று சேரும். காற்றில் சத்தம் ஒரு மீட்டர் போக சுமார் 3 மில்லி செகண்ட் ஆகும். 10 மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரை நம்பி வாசித்தால் 29 மில்லி செகண்ட் அங்கேயே போய்விடுகிறது. பக்கத்தில் மானிட்டர் வைத்துத் தரச் சொல்லுங்கள். 2.4 கிகா ஹெர்ட்ஸ் வயர்லெஸில் சத்தம் விட்டுவிட்டு வந்தால், ஹால் நிறைந்து எல்லோர் ஃபோனும் வைஃபை தேடத் தொடங்கியதும் இன்னும் மோசமாகும். சவுண்ட் செக்கில் நன்றாக இருந்ததே என்று நம்ப வேண்டாம். ஒரு நல்ல கேபிள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

எக்ஸ்பிரஷன் பெடல் முழுக்க இறங்கவில்லை, 'வா' (wah) எஃபெக்ட் தானாக ஆன் ஆகிறது

கேலிபரேஷன் மெனுவில் குதிகால், நுனி இரண்டையும் மறுபடி பதியுங்கள். வெளியிலிருந்து மாட்டிய பெடலுக்கு மூன்று தொடர்பு உள்ள ஸ்டீரியோ கேபிள் வேண்டும். சாதாரண கிட்டார் கேபிள் ஒத்துவராது. கம்பெனிக்குக் கம்பெனி வயரிங்கும் மாறும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் வீடு என்றால் உப்புக் காற்றில் ஜாக்குகள் சீக்கிரம் கறுத்துவிடும். ரிச்சி தெருவில் எலக்ட்ரானிக்ஸ் கான்டாக்ட் கிளீனர் கிடைக்கும், பவரை அணைத்துவிட்டு ஜாக்கிலும் பிளக்கிலும் அடித்து நாலைந்து முறை செருகி எடுங்கள்.

பாட்டு நடுவில் அணைந்து எரிகிறது, உறைந்துபோகிறது

முதலில் அடாப்டர். 9 வோல்ட் என்பது மட்டும் போதாது. ஆம்பியரும் துருவமும் பொருந்த வேண்டும். ஜூம் ஜி1எக்ஸ் ஃபோருக்கு 500 மில்லி ஆம்பியர் போதும், லைன் 6 ஹெச்.எக்ஸ். ஸ்டாம்புக்கு 3 ஆம்பியர் வேண்டும். முதல் பெட்டியின் அடாப்டரை இரண்டாவதில் போட்டால் ஒன்று ஆன் ஆகாது, அல்லது ஆகிவிட்டு நடுவில் விழும். கிட்டார் பெடல்களில் வழக்கமாக ஜாக்கின் நடு நெகட்டிவ். கீபோர்டு அடாப்டர்கள் சில 12 வோல்ட், நடு பாசிட்டிவ். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், செருகினாலும் நுழையும். யாராவது அன்போடு நீட்டினாலும் அடியில் இருக்கும் துருவப் படத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

அடாப்டர் சரியென்றால் மின்சாரம். ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் பெரிய விளக்குகள் ஒரே நேரத்தில் எரியும்போது வோல்டேஜ் சரியும், ப்ராசசர் ரீஸ்டார்ட் ஆகும். கோயில் கச்சேரிகளுக்குக் கம்ப்யூட்டருக்கு வைக்கும் சிறிய யு.பி.எஸ். ஒன்றைக் கொண்டுபோகச் சொல்வேன். ப்ராசசர் எடுக்கும் மின்சாரத்துக்கு அது தாராளம். பேட்டரி போடும் மாடல் என்றால் புது ஆல்கலைன் பேட்டரி உள்ளே இருக்கட்டும். அடாப்டர் வயரை ஒரு சுற்றுச் சுற்றி பெடலோடு டேப் போட்டு ஒட்டுங்கள், யார் கால் தட்டினாலும் ஜாக் கழன்று வராது.

மின்சாரத்தில் குறையே இல்லாமல் உறைந்தால், வீட்டில் நிதானமாக ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, அதற்கும் சரியாகாவிட்டால் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். ரீசெட் உங்கள் பேட்சுகளை அழித்துவிடும். அதற்கு முன் பாஸ் டோன் ஸ்டூடியோ, ஜூம் கிட்டார் லேப், ஹெச்.எக்ஸ். எடிட் என்று உங்கள் மாடலுக்கு உரிய மென்பொருளில் பேக்கப் எடுத்து வையுங்கள். நிகழ்ச்சி நாளன்று எதையும் புதுப்பிக்காதீர்கள்.

மேடையிலேயே அடியோடு செத்துவிட்டால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். சேனலை மியூட் செய்யச் சொல்லிக் கிட்டார் கேபிளை நேராக டி.ஐ. பாக்ஸில் செருகுங்கள். ஆக்டிவ் டி.ஐ. என்றால் மிக்சரிலிருந்து கேபிள் வழியாக வரும் பாண்டம் பவரைப் போடச் சொல்லுங்கள். மிக்சரில் 3 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலே கொஞ்சம் வெட்டி, லேசாக ரிவர்ப் சேர்க்கச் சொன்னால் கிளீன் டோன் ஒன்று கையில் இருக்கும். டிஸ்டார்ஷன் சோலோவைக் கீபோர்டுக்காரர் எடுத்துக்கொள்வார் என்று அவருக்குக் கண் ஜாடை காட்டிவிட்டு, கார்டு பிடித்துக்கொண்டே போங்கள்.